மான் பெயர் கொண்ட மோட்டார்

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மாத்தானே இருப்பீர்கள்? காரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம்" என்று நண்பர் டெலிபோனில் கூப்பிட்டபோது நான் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. காரில் போகலாம் என்று பிறர் சொன்னால் அதில் உட்கார்ந்து போகலாம் என்று பொருள். இவர் சொன்னால் வேறு பொருளும் உண்டு.

சென்ற ஆறு மாதத்தில் அவரோடு மூன்று முறை உல்லாசப் பயணம் போயிருக்கிறேன். முதல் முறை மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டுத் திருவான்மியூர்க் கோயில் குளத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் முறை பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் ஒரு விருந்துக்குப் போனோம். பாத்திரம் கழுவுகிற சமயத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் முறை நான் காருக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட, அதன் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே நடந்த நேரம்தான் அதிகம்.

"இந்தத் தடவை அம்மாவும் வருகிறாள். பின் கதவு சரியாகிவிட்டது" என்றார் நண்பர்.

அதற்கு மேல் மறுத்துப் பேச வாய் வரவில்லை. அந்தப் பின் கதவின் கதை எனக்குத் தெரியும். வாசகர்களுக்கும் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நண்பரின் காருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1974-ல் அவருடைய தகப்பனார் புதிதாக வாங்கியது. பெயர் ஸ்டாண்டர்டு கஸெல். அம்பாஸடரைத் தெரியாதவர்கள் இல்லை. பியட்டையும் பலர் மறக்கவில்லை. இந்த இருவருக்கும் தம்பி மாதிரி, சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கத்தில் பிறந்த வண்டி இது. கஸெல் என்பது ஒரு மானின் பெயர். அரபு மொழியில் 'கஸால்' என்ற சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் இப்படி ஆயிற்று. நம் நாட்டில் ராஜஸ்தான், குஜராத் பக்கங்களில் திரியும் சிங்காரா மான் அந்த ஜாதியைச் சேர்ந்தது.

1999-ல் தகப்பனார் காலமானார். அன்று கொட்டகையில் நிறுத்திய காரின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு நாள் அந்தத் தார்ப்பாயை விலக்கினார். பின் ஸீட்டின் பஞ்சுக்குள்ளிருந்து யாரோ சீறினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு மரநாய் மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. மயிலாப்பூரில் ஓட்டு வீடுகளெல்லாம் போய் அடுக்கு மாடிகள் வந்ததிலிருந்து, மரநாய்களுக்கும் வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது போலிருக்கிறது.

"பிள்ளை பெற்றவளைக் கிளப்பாதே. அவளாகப் போகும் வரை பொறு" என்று உத்தரவு போட்டாள் நண்பரின் தாயார். இரண்டு மாதம் பொறுத்தார். ஒரு நாள் இரவு அந்தத் தாய், குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மாமரத்தின் வழியாக எங்கேயோ குடி போய்விட்டது. மறுநாள் காலையில்தான் நண்பர் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

இந்தக் கார் எப்படிப் பிறந்தது என்பது நமது நகரத்தின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். இன்று அண்ணா சாலையில் இருக்கும் ஸிம்ப்ஸன் கம்பெனி 1840-ல் தொடங்கியபோது குதிரை வண்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. அங்கே 1903-ல் ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் அப்படிச் செய்த முதல் வண்டி அதுதான் என்பார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு வெகு காலம் வரை நாம் ஓட்டியதெல்லாம் கப்பலில் வந்த கார்கள்தாம்.

1948-ல் சென்னையில் இரண்டு கம்பெனிகள் தோன்றின. ஒன்று எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த அசோக் மோட்டார்ஸ். 1955-ல் அது அசோக் லேலண்டாகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. இன்னொன்று ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். இங்கிலாந்தில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் வான்கார்டு முதலிய கார்களை இங்கே பூட்டத் தொடங்கியது. 1953-ல் டாரிஃப் கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. அதன்மேல் சர்க்கார் ஒரு முடிவுக்கு வந்தது: வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினால் மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. ஸ்டாண்டர்டு தங்கிவிட்டது.

1961-ல் அது ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிரதி அது. மிச்சலோட்டி என்ற இத்தாலியச் சிற்பி வரைந்த உருவம். 948 ஸி.ஸி. எஞ்சின். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதிகளுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் அதில் இரண்டு குறைகள். சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும்படி அமைத்த பின் ஆக்ஸில் நமது மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை, வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை. இரண்டாவது குறை கதவு. இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கதவு இரண்டே இரண்டு. பின்னால் உட்கார வேண்டியவர்கள் முன் ஸீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து வளைந்து புக வேண்டும். மாமியார், மருமகள், மூன்று குழந்தைகள், ஒரு கூஜா தண்ணீர் என்று கிளம்புகிற குடும்பத்துக்கு இது சரிப்படுமா? 1960-களின் பிற்பகுதியில் சென்னைக்காரர்கள் தாங்களாகவே அதற்கு நாலு கதவு வைத்தார்கள். சீமையில் ஹெரால்டு கடைசி வரை இரண்டு கதவோடுதான் இருந்தது.

1972-ல் ஹெரால்டின் இடத்தில் கஸெல் வந்தது. எஞ்சின் அதே எஞ்சின்தான். பின் ஆக்ஸிலை மட்டும் நமது சாலைக்கும் நமது மெக்கானிக்குக்கும் ஏற்றபடி, ஆடாத ஒரே ஆக்ஸிலாக மாற்றியிருந்தார்கள்.

நண்பரின் தகப்பனார் வேறு கார்களை விட்டு இதை வாங்கியதற்குக் காரணம், தம் தாயாரும் மனைவியும் புடவை கசங்காமல் பின் கதவு வழியாக ஏறி இறங்கலாம் என்பதுதானாம். இருபத்தைந்து வருஷம் அந்தக் கதவைத் திறந்துவிட்டதும் அவரேதான். வேறு யாரையும் விடமாட்டார். "எனக்கு அதைத் திறக்கவே தெரியாது, தம்பி" என்று அந்த அம்மாள் என்னிடம் ஒரு நாள் சொன்னாள்.

கஸெல் 1977-ல் நின்று போயிற்று. பிறகு அந்தக் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை வெளியிட்டது. ரோவர் காரின் புது உடம்புக்குள் வான்கார்டு காலத்து எஞ்சினின் வாரிசை வைத்திருந்தார்கள். பட்டு வேஷ்டி கட்டிய தாத்தா ஓட்டப் பந்தயத்துக்கு வந்த மாதிரி அது திணறியது. 1988-ல் அதுவும் நின்றது. வண்டலூர்ப் பக்கம் கார் பிறப்பதும் அதோடு முடிந்தது.

அதே 1985-ல் வண்டலூருக்கு வேறு சிலர் குடி வந்தார்கள். எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் 1855-ல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, இந்தியாவிலேயே முதலாவது. பின்னால் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்கில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, நகரத்தில் இடம் போதாமல் வண்டலூர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தது. மான் பெயர் கொண்ட மோட்டார் பிறந்த ஊருக்கு நிஜ மான்களே வந்துவிட்டன. அந்த ஊரில் இன்று நிலைத்திருப்பது மான்தான்.

இனி பின் கதவுக்கு வருகிறேன். ஹெரால்டுக்கு வேண்டிய பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பிஸ்டனா, கிளட்சா, பிரேக் சிலிண்டரா, பணம் அனுப்பினால் பார்ஸல் வரும். ஆனால் பின் கதவுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் காருக்குத்தான் அந்தக் கதவே கிடையாதே! நண்பரின் காரில் பின் கதவு இரண்டும் துருவால் அரித்திருந்தன. பூட்டின் நாக்கு உடைந்திருந்தது. ஆறு மாதமாகக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினார்.

புதுப்பேட்டையில் ஏறி இறங்காத கடை இல்லை. நானும் இரண்டு நாள் கூடப் போனேன். மலை மலையாகக் குவிந்த கதவுகளின் நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பாய், உடைந்த நாக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைத் தேடாதீங்க ஸார். இருந்ததெல்லாம் இருபது வருஷத்துக்கு முன்னேயே உருக்கப் போயிடுச்சு. இதை மாதிரியா வெச்சுச் செய்யச் சொல்லுங்க" என்று ஒரு லேத் பட்டறைக்கு வழி சொன்னார். பட்டறைக்காரர் இளைஞர், அந்தக் காரைப் பார்த்தது கூட இல்லை. உடைந்த இரண்டு துண்டையும் பொருத்தி அளவெடுத்து, எஃகில் கடைந்து, நாலாவது முயற்சியில் சரியாக உட்காரும்படி செய்துவிட்டார். கதவைச் சாத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். நண்பர் அதைப் பத்துத் தடவை திறந்து மூடினார். பதினோராவது தடவை அவர் கண் கலங்கியதை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

ஐம்பது வருஷத்தைத் தாண்டிய, மூல உருவம் மாறாத கார்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்து கொள்ளலாம் என்று 2021-ல் மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. "உங்கள் வண்டிக்கும் அந்தப் பட்டம் வாங்கலாமே" என்றேன். "வாங்கினால் தினசரி ஓட்டக்கூடாது. அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக வாங்கிய வண்டி ஸார் இது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நண்பர் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எண்பத்து நாலு வயது அம்மாள் அதன் விளிம்பை ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள். "எங்கே போகணும் அம்மா?" என்றார் நண்பர். "அப்பா அழைத்துப் போவாரே, கிண்டிப் பக்கம். மான் பார்க்க" என்றாள்.

கிண்டிக் காட்டின் சரித்திரமும் கிட்டத்தட்ட ஒரு காரின் சரித்திரம் போலத்தான். ஆனால் தலைகீழாகப் போகிறது. 1821-ல், ஸர் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது, சர்க்கார் அந்த இடத்தை 35,000 ரூபாய்க்கு வாங்கிற்று. கவர்னர்கள் ஓய்வாக வந்து தங்கும் தோட்ட மாளிகை அங்கே இருந்தது. 1910-ல் சுமார் 505 ஹெக்டேர் பரப்பை ரிஸர்வ் காடாக அறிவித்தார்கள். நமது தேசம் சுதந்திரம் பெற்றபோது அந்தக் காடு ஏறக்குறைய முழுசாகவே இருந்தது.

பிறகு என்ன நடந்தது? கெட்ட காரியம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இதில் விசேஷம். 1956-ல் ஓர் ஓரத்தில் மகாத்மாவுக்கு மண்டபம் எழுந்தது. யார் ஆட்சேபிப்பார்கள்? மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்லூரி வர வேண்டும் என்று ஆயிற்று. 1958-ல் அதற்காகக் காட்டில் ஒரு பெரும் பகுதியைக் கொடுத்தார்கள், 1959-ல் ஐ.ஐ.டி. தொடங்கிற்று. ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படித்து முன்னுக்கு வந்திருக்கிறார்கள். குழந்தைகள் மிருகங்களைப் பார்த்துக் களிக்கட்டும் என்று நேரு விரும்பினார். குழந்தைகள் பூங்கா வந்தது. 1970-களில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவாலயங்கள் எழுந்தன. இவற்றில் எதை வேண்டாம் என்று சொல்வது? ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் நானும் சரி என்று கை தூக்கியிருப்பேன். 1970-களின் பிற்பகுதியில் மீதி இருந்ததைத் தேசியப் பூங்காவாக அறிவித்துக் கதவைச் சாத்தியபோது, உள்ளே இருந்தது சுமார் 270 ஹெக்டேர். பெரிய நகரம் ஒன்றின் நடுவே இவ்வளவாவது மிஞ்சியதே என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். புள்ளிமானும் நரியும் கீரியும் குரங்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

நண்பரின் மருமகனுக்கு ஐ.ஐ.டி.யில் உத்தியோகம். அவர் தயவில் உள்ளே போக அனுமதி கிடைத்தது. பழைய காட்டின் மரங்களைக் கூடிய மட்டும் வெட்டாமல் அதற்குள்ளேயே கட்டிய ஊர் அது. மாணவர் விடுதிகளுக்கு நதிகளின் பெயர். பஸ்களுக்கு மலைகளின் பெயர். வளாகத்துச் சாலையில் காரை ஊர்வலம் போல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். ஆலமரத்தடியில் புள்ளிமான்கள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு மாணவன் சைக்கிளில் போனான். அவன் மான்களைப் பார்க்கவில்லை, மான்களும் அவனைப் பார்க்கவில்லை. இருவரும் எங்கள் காரைத்தான் பார்த்தார்கள்.

"இது புள்ளிமான். நான் கேட்டது இது இல்லை" என்றாள் அம்மாள். "கறுப்பாக இருக்குமே. வயிறு மட்டும் வெள்ளை. முறுக்கின கொம்பு. அப்பா காண்பிப்பார்."

அவள் கேட்டது வெளிமான். கஸெலுக்கு நெருங்கிய தாயாதி; ஓட்டத்தில் கெட்டிக்கார மிருகம். கிண்டிக்குப் பேரும் புகழும் ஒரு காலத்தில் அதனால்தான். 1948 முதல் 1952 வரை கவர்னராக இருந்த பாவ்நகர் மகாராஜா, வெள்ளை நிறமாகவே பிறக்கும் அபூர்வ வெளிமான்களை இங்கே கொண்டுவந்து விட்டார் என்றும் சொல்வார்கள். கஸெல் கார் வெளிவந்த அதே 1972-ல் பார்லிமெண்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வெளிமானை அதில் முதல் அட்டவணையிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். வேட்டைக்காரன் பயம் தீர்ந்தது. ஆனாலும் கிண்டியில் அதன் எண்ணிக்கை வர வரக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. வெளியில் வாழ்கிற மான் வெளிமான். அதற்குப் பரந்த புல்வெளி வேண்டும். தூரத்தில் வருகிறவனைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஓட இடம் வேண்டும். நாம் என்ன செய்தோம்? காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று புல்வெளியிலும் மரம் வளர்த்தோம். நடாத இடத்தில் புதரும் முள்ளும் தாமாகவே மண்டின. மரம் வளர்ப்பதைவிடப் புண்ணியம் உண்டா? நிழலில் வாழத் தெரிந்த புள்ளிமான் பெருகிற்று. வெளிமானுக்கு வெளி இல்லாமல் போயிற்று. இங்கேயும் நல்ல காரியம்தான் நடந்திருக்கிறது.

நான் கல்லூரியில் பௌதிகத்தை இரண்டு வருஷம் படித்துவிட்டு அதற்குப் பயந்து கதை எழுத வந்தவன். ஆகையால் விஞ்ஞான யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அன்று காரில் உட்கார்ந்திருந்தபோது, புதுப்பேட்டை பாய் சொன்னது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. உடைந்த துண்டு கையில் இருந்ததால்தானே லேத் பட்டறைக்காரர் புது நாக்கைக் கடைந்தார்? அதையும் உருக்கப் போட்டிருந்தால் எதை மாதிரி வைத்துச் செய்வார்? புல்வெளிக்கும் அப்படி ஒரு துண்டு எங்கேயாவது பாக்கி இருக்க வேண்டும். ராஜ் பவனின் பழைய போலோ மைதானத்திலும், இந்த வளாகத்தின் ஏதோ மூலையிலும் இன்னும் கொஞ்சம் திறந்த வெளி இருக்கிறது. கட்டடம் கட்டுவதற்கு அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. அடுத்த நல்ல காரியம் அந்த இடத்தைத்தான் கேட்கும்.

பொழுது சாயும் நேரம் நண்பர் காரைத் திருப்பினார். 25 அடி வட்டத்துக்குள் அழகாகத் திரும்பிற்று. ஒரு மைதானத்தின் ஓரமாக வந்துகொண்டிருந்தோம். திடீரென்று பிரேக் போட்டார்.

மைதானத்தின் நடுவே அது நின்றுகொண்டிருந்தது. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, முறுக்குக் கொம்பு. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் இரண்டு பெட்டைகள். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ஓடவில்லை. நாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நாலா பக்கமும் பார்க்க இடம் இருந்ததே!

அம்மாள் கண்ணாடியை இறக்கவில்லை. பூட்டின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துத் தானாகவே பின் கதவைத் திறந்துகொண்டு, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தபடியே பார்த்தாள். 'டக்' என்ற சத்தத்துக்கு ஒரு பெட்டை மான் மட்டும் காதைத் திருப்பிற்று. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது.

பிரேக் போட்டபோதே எஞ்சின் நின்றுவிட்டது. இருட்டத் தொடங்கியதும் நண்பர் சாவியில் கை வைத்தார். "இங்கே வேண்டாம்டா, அது பயந்துக்கும். அந்தத் திருப்பம் வரை தள்ளிண்டு போயிடலாம்" என்றாள் அம்மாள்.

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அதற்குள் இறங்கிப் பழக்கமான இடத்தில் கையை வைத்திருந்தேன்.